ஓர் உலோகத்தின் ஐசோடோப்புத் தரவுகளை ஒப்பிடுவது எப்படி? இரும்பை வைத்து ஒரு வழிகாட்டி

"இரும்பின் ஐசோடோப்புகளுக்கு ஓர் அட்டவணை போடு, நாலைந்து இடத்தில் இருக்கிற எண்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்" என்று என்னிடம் சொன்னபோது, ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. அதில் முதல் இரண்டு வாரத்தில் செய்த எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திய என் மூன்று "ஆதாரங்களும்" ஒரே கோப்பிலிருந்து எண்களை எடுத்துக் காட்டும் மூன்று சன்னல்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரே எண்ணை மூன்று முறை பிரதி எடுத்திருக்கிறேன்.

நீங்கள் அந்த இரண்டு வாரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு இரும்பையே எடுத்துக்கொள்கிறேன். ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் வகை. பெயரோடு வரும் எண் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்தம், அதாவது நிறை எண். டைட்டானியம், சமாரியம், ஈயம் என்று எந்த உலோகமாக இருந்தாலும் வழிமுறை இதேதான், எண்கள்தான் மாறும்.

1. எந்த எண் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"இரும்பின் அணுக்கருத் தரவு" என்று ஒன்று கிடையாது. அணு நிறை ஒன்று. அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) ஒன்று. சிதைவில் வரும் காமா கதிர்களின் ஆற்றலும் செறிவும் ஒன்று. இயற்கையில் எந்த ஐசோடோப்பு எவ்வளவு சதவீதம் என்பது ஒன்று. நியூட்ரானைப் பிடிக்கும் குறுக்குப் பரப்பு (பிடிக்கும் வாய்ப்பின் அளவு) இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு இடத்தில் மதிப்பாய்வு செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பிடப் போனால் அட்டவணை நாற்பது பத்தியாக (நெடுவரிசையாக) விரிந்து, எதுவும் முடியாமல் கிடக்கும். ஒரு பத்தியை எடுங்கள், முடியுங்கள், அடுத்ததற்குப் போங்கள். நான் அரை ஆயுளில் தொடங்கச் சொல்வேன், சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் முகத்தைக் காட்டும்.

அப்புறம் வரிசைகள். நிலையான இரும்பு ஐசோடோப்புகள் நான்கு: 54 (5.845%), 56 (91.754%), 57 (2.119%), 58 (0.282%). கதிரியக்க ஐசோடோப்புகளில் அதிகம் பயன்படுவது 52, 55, 59, 60. மற்றவை ஏராளம், ஆனால் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போடாதீர்கள்.

ஒரு பொறி இங்கேயே இருக்கிறது. ஐசோமர்களுக்கு (அதே அணுக்கரு, கூடுதல் ஆற்றலோடு சிறிது காலம் நிற்கும் நிலை) தனி வரிசை கொடுங்கள். இரும்பு-53இன் தரைநிலை அரை ஆயுள் சுமார் 8.5 நிமிடம். அதற்கு 3040 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் மேலே உட்கார்ந்திருக்கும் ஐசோமருக்குச் சுமார் 2.5 நிமிடம். இரண்டுமே நிமிடக் கணக்கு, இரண்டுக்குமே பெயர் இரும்பு-53, ஒரு சின்ன 'எம்' எழுத்துதான் வித்தியாசம், அந்த எழுத்து நகலெடுக்கும்போது முதலில் காணாமல் போகும். "இரண்டு தரவுத்தளங்களும் மூன்று மடங்கு முரண்படுகின்றன" என்று நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். முரண்பாடே இல்லை, நான்தான் இரண்டு வேறு நிலைகளை ஒரே வரிசையில் போட்டிருந்தேன்.

2. எந்தத் தளம் யாருடைய வாரிசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

அடித்தளமாக இருப்பது இ.என்.எஸ்.டி.எஃப் என்ற கோப்பு. பல நாட்டு மதிப்பாய்வாளர்கள் சேர்ந்து, வெளியான அளவீடுகளைப் படித்து, எடைபோட்டு, "இதை எடுத்துக்கொள்ளலாம்" என்று பரிந்துரைக்கும் எண்கள் அதில் இருக்கும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருக்கும் தேசிய அணுக்கருத் தரவு மையம் அதைப் பராமரிக்கிறது. அதே மையத்தின் நியூடேட் என்ற தளமும், பன்னாட்டு அணுசக்தி முகமையின் லைவ்சார்ட் என்ற தளமும் இந்தக் கோப்பைத்தான் அழகாகப் படம் போட்டுக் காட்டுகின்றன. வண்ணம் வேறு, பொத்தான்கள் வேறு, எண் ஒன்றே. ஆகவே நியூடேட்டும் லைவ்சார்ட்டும் ஒத்துப்போனால் அது சான்று ஆகாது. ஒத்துப்போகாவிட்டால்தான் கவனிக்க வேண்டும், பெரும்பாலும் ஒன்று மற்றதைவிடப் பழைய பதிப்பைக் காட்டுகிறது என்று அர்த்தம்.

நியூபேஸ் என்பது தனி மதிப்பாய்வு. 2003, 2012, 2016, 2020 என்று பதிப்புகள் வந்திருக்கின்றன. அது இ.என்.எஸ்.டி.எஃப்-ஐ ஒரு தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, புதிய கட்டுரைகளைத் தானே சேர்த்துத் திருத்தும், அதனால் அரைச் சுதந்திரம் என்று சொல்லலாம். நிறைகளுக்கு அதனுடன் சேர்ந்தே வெளிவரும் ஏ.எம்.இ அட்டவணைதான் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மற்ற தளங்கள் காட்டும் நிறையும் அங்கிருந்துதான் வந்திருக்கும், எனவே நிறைகளை "நான்கு இடத்தில் சரிபார்த்தேன்" என்று எழுதிவிடாதீர்கள்.

அளவியல் ஆய்வகங்களுக்கு முக்கியமான சில கதிரியக்க ஐசோடோப்புகளுக்கு டி.டி.இ.பி என்ற இன்னொரு குழு தனியாக மதிப்பாய்வு செய்கிறது. எல்லா ஐசோடோப்பும் அங்கே கிடைக்காது. ஆனால் கிடைக்கும் ஐசோடோப்புக்கு எந்த அளவீட்டை எடுத்தார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் என்று நீளமாக விளக்கம் எழுதியிருப்பார்கள். புதிதாக வருபவர்கள் அதில் ஏதாவது ஒரு விளக்கத்தை முழுதாக உட்கார்ந்து படியுங்கள், மதிப்பாய்வு என்றால் என்ன என்று அப்போதுதான் பிடிபடும்.

இயற்கைச் செறிவுக்கும் நிலையான அணு எடைக்கும் சி.ஐ.ஏ.ஏ.டபிள்யூ என்ற ஆணையம். அங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: எல்லாத் தனிமங்களுக்கும் ஒற்றை எண் கிடைக்காது. ஈயத்தின் நிலையான அணு எடை இப்போது 206.14 முதல் 207.94 வரை என்று ஓர் இடைவெளியாகத்தான் தரப்படுகிறது, காரணம் கனிமத்துக்குக் கனிமம் அதன் ஐசோடோப்புக் கலவை மாறும். இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை, 55.845(2).

3. தேதியைப் பாருங்கள், அதுவும் சரியான தேதியை

இ.என்.எஸ்.டி.எஃப்-இல் "இரும்பு" என்று ஒரு தொகுப்பு கிடையாது. அது நிறை எண்படி பிரிக்கப்பட்டிருக்கும். 56 என்ற தொகுப்பில் இரும்பு-56 இருக்கும், கூடவே மாங்கனீசு-56, கோபால்ட்-56 எல்லாம் இருக்கும். 60 என்ற தொகுப்பை வேறு ஒருவர் வேறு ஒரு வருடம் செய்திருப்பார். ஆகவே நீங்கள் இரும்புக்கு ஒரு பத்தி நிரப்பும்போது, ஒரே தளத்திலிருந்து எடுத்தாலும், வரிசைக்கு வரிசை வருடம் மாறிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் பழைய மதிப்பாய்வு என்பது அங்கே சாதாரணம். நியூபேஸ் அப்படியில்லை, ஒரு பதிப்புக்கு ஒரே தேதி.

எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் பதிவிறக்கிய நாள். இன்னொன்று, மதிப்பாய்வாளர் எந்த நாள் வரை வெளியான கட்டுரைகளைப் பார்த்தார் என்ற இறுதி நாள். பலர் இதை விட்டுவிட்டு வெளியீட்டு வருடத்தை எழுதுகிறார்கள். வெளியீட்டு வருடம் ஏமாற்றும். பின்னால் வெளிவந்த மதிப்பாய்வு முன்னால் வந்ததைவிடக் குறைந்த கட்டுரைகளைப் பார்த்திருக்கலாம்.

இறுதி நாளுக்கு அப்புறம் ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு இடம். எக்ஸ்.யு.என்.டி.எல் என்பது இன்னும் மதிப்பாய்வு செய்யாத புதுக் கட்டுரைகளின் எண்களைத் தொகுத்து வைக்கும் இடம். என்.எஸ்.ஆர் என்பது கட்டுரைகளின் பட்டியல், ஐசோடோப்பைக் கொடுத்தால் அதைப் பற்றி வந்தவை எல்லாம் வருடவாரியாக வரும்.

4. குறியீடுகளை நிதானமாகப் படியுங்கள்

2.62(4) என்றால் 2.62 ± 0.04. அடைப்புக்குள் இருப்பது கடைசி இலக்கத்தில் இருக்கும் பிழை. இ.என்.எஸ்.டி.எஃப்-இல் அடைப்புக்குறியும் இருக்காது, "2.62 4" என்று நடுவில் ஓர் இடைவெளி விட்டு எழுதியிருக்கும். அதை எக்செல்லில் ஒட்டியபோது அந்த 4 பக்கத்துப் பத்திக்குப் போய், என் கணக்கில் பிழை ± 4 ஆகிவிட்டது. 2.62 ± 4 என்ற அரை ஆயுளை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதுவும் தோன்றவில்லை.

எக்செல் என்றதும் இன்னொன்று. 3/2 என்ற தற்சுழற்சி எண்ணை (அணுக்கருவின் கோண உந்தத்தைக் குறிக்கும் எண், ஸ்பின்) ஒட்டினால் அது தேதியாக மாறிவிடும். முழுப் பத்தியையும் முதலில் 'உரை' என்று வடிவம் மாற்றிவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். முன்னால் ஒட்டிவிட்டுப் பின்னால் மாற்றினால் பயனில்லை, எண் ஏற்கெனவே போயிருக்கும்.

நியூபேஸிலும் ஏ.எம்.இ-யிலும் # குறி வந்தால் அந்த எண் அளந்தது கிடையாது, பக்கத்து ஐசோடோப்புகளின் போக்கை வைத்து நீட்டிச் சொன்னது. தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலேயே அந்தக் குறி உட்கார்ந்திருக்கும், அதனால் கண்ணுக்குப் புலப்படாமல் போகும், நிரல் எழுதிப் படிப்பவர்கள் அதைப் புள்ளியாக மாற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். அளவீட்டையும் கணிப்பையும் ஒப்பிட்டு "முரண்பாடு" என்று எழுதுவதைவிட வெட்கமான விஷயம் கிடையாது. தற்சுழற்சி எண் அடைப்புக்குள் இருந்தால் அது உறுதியாகவில்லை என்று அர்த்தம். "இதற்கு மேல்" என்ற குறியோடு வரும் அரை ஆயுள் ஒரு கீழ் எல்லை மட்டுமே. இரும்பு-54க்கு அப்படி ஓர் எல்லை தரப்பட்டிருக்கும். அது சிதைவதை யாரும் பார்த்ததில்லை. அதை ஒரு மதிப்பாக எடுத்துச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

5. அலகுகளை ஒரே மொழிக்குக் கொண்டுவாருங்கள்

அரை ஆயுளும் சராசரி ஆயுளும் வேறு வேறு. சராசரி ஆயுள் 1.4427 மடங்கு பெரியது. வானியற்பியல் கட்டுரைகளில் இரும்பு-60க்கு 3.8 மில்லியன் வருடம் என்றும் பார்ப்பீர்கள், 2.6 மில்லியன் வருடம் என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். எண்ணின் விகிதம் 1.44 பக்கம் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

வருடம் என்றால் 365.2422 நாளா 365.25 நாளா என்று ஒரு விவாதம் இருக்கிறது. வித்தியாசம் ஒரு லட்சத்தில் இரண்டு. அதைப் பற்றிக் கவலைப்படும் துல்லியம் உங்கள் எண்ணுக்குக் கிட்டத்தட்ட எப்போதுமே இருக்காது, குறித்துவிட்டு நகருங்கள்.

நிறையில் கவனம் வேண்டும். அட்டவணைகளில் இருப்பது எலெக்ட்ரான்களோடு சேர்ந்த அணுவின் நிறை. இரும்பு-56க்கு அது 55.934936 அணு நிறை அலகு. அணுக்கருவின் நிறை மட்டும் வேண்டுமென்றால் 26 எலெக்ட்ரான்களைக் கழிக்க வேண்டும், அது 0.014263. சில அட்டவணைகள் முழு நிறையைத் தராமல் நிறை மிகை (நிறைக்கும் நிறை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) என்று கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் தரும். அது எதிர்மறை எண்ணாக வந்தால் பதற வேண்டாம், இரும்புப் பக்கம் அப்படித்தான் இருக்கும்.

இதோடு ஒட்டிய ஒரு பழைய குழப்பம்: "இரும்பு-56தான் மிக இறுக்கமாகப் பிணைந்த அணுக்கரு" என்று ஓரிடத்திலும் "நிக்கல்-62தான்" என்று இன்னோரிடத்திலும் படிப்பீர்கள். ஒரு நியூக்ளியானுக்கான (புரோட்டான் அல்லது நியூட்ரான்) பிணைப்பு ஆற்றலில் நிக்கல்-62 (8.795) இரும்பு-56ஐ (8.790) முந்துகிறது, அலகு மெகா எலெக்ட்ரான்வோல்ட். ஒரு நியூக்ளியானுக்கான நிறை மிகக் குறைவாக இருப்பது இரும்பு-56இல். தரவில் சண்டை எதுவும் இல்லை, கேள்விகள்தான் இரண்டு.

6. மூல அளவீடு வரை இறங்குங்கள்

ஒப்பிடும் வேலை இங்கேதான் தொடங்குகிறது, மேலே சொன்னது எல்லாம் அதற்கு இடம் சுத்தம் செய்வதுதான். இரும்பு-60ஐ எடுத்துக்கொண்டு நான் போன வழியைக் காட்டுகிறேன்.

பழைய கட்டுரைகளில் அரை ஆயுள் 1.5 மில்லியன் வருடம். புதிய தரவுத்தளங்களில் 2.62 மில்லியன் வருடம். இது பொடி வித்தியாசம் இல்லை. பத்து மில்லியன் வருடத்துக்கு அப்புறம் எவ்வளவு மிஞ்சும் என்று போட்டுப் பாருங்கள்: முதல் எண்படி 0.98%, இரண்டாவது எண்படி 7.1%. ஏழு மடங்குக்கு மேல். கடலடிப் படிவுகளில் இரும்பு-60ஐத் தேடி, பக்கத்தில் எப்போது விண்மீன் வெடித்தது என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது தலையெழுத்தையே மாற்றும் வேறுபாடு.

எந்தக் கட்டுரை என்ன சொன்னது என்று வருடவாரியாக எழுதினேன். 1984இல் 1.49 ± 0.27. 2009இல் 2.62 ± 0.04. 2015இல் 2.50 ± 0.12. 2017இல் 2.69 ± 0.28. எல்லாம் மில்லியன் வருடத்தில்.

அடுத்து ஒவ்வொருவரும் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். இவ்வளவு நீண்ட அரை ஆயுளைக் காத்திருந்து அளக்க முடியாது. மாதிரியில் எத்தனை அணு இருக்கிறது என்று எண்ண வேண்டும், நொடிக்கு எத்தனை சிதைகிறது என்று எண்ண வேண்டும், முதலாவதை இரண்டாவதால் வகுத்து 0.693 ஆல் பெருக்க வேண்டும். இரண்டு எண்ணிக்கையில் எது தவறினாலும் விடை தவறும். 2009இல் அளந்தவர்களுக்குச் சுவிட்சர்லாந்தில் ஒரு புரோட்டான் முடுக்கியின் கற்றையைத் தாங்கி நிறுத்திய தாமிரக் கட்டையிலிருந்து பிரித்தெடுத்த பெரிய மாதிரி கிடைத்தது, அதில் 10¹⁵க்கும் மேற்பட்ட இரும்பு-60 அணுக்கள். மகவாகப் பிறக்கும் கோபால்ட்-60 படிப்படியாக வளர்வதை அதன் 1173, 1332 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமா கோடுகளை வைத்துப் பார்த்தார்கள். பிழை எல்லை ஏன் அவ்வளவு சிறியது என்பது இப்போது புரியும்.

2015 அளவீடு வேறு வழி. இரும்பு-60 அணுக்களை முடுக்கி நிறைமாலைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) இரும்பு-55உடன் ஒப்பிட்டு எண்ணினார்கள். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். அப்படியென்றால் இரும்பு-60இன் விடைக்குள்ளே இரும்பு-55இன் அரை ஆயுள் ஒளிந்திருக்கிறது. இரும்பு-55க்கு 2.744(9) வருடம் என்றும் 2.747(8) வருடம் என்றும் பரிந்துரைகள் உண்டு, இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் 0.003 பிழை எல்லைக்குள் கரைந்துவிடும், அதனால் இங்கே ஆபத்து இல்லை. ஆனால் உங்கள் உலோகத்தில் ஆபத்து இருக்கலாம். "இந்த எண் வேறு எந்த எண்ணைச் சார்ந்து நிற்கிறது?" என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். 2017 அளவீடு மூன்றாவது வழி, சிதைவில் உருவாகும் கோபால்ட்-60 ஐசோமரின் 59 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அருகே வரும் காமாவை நேரடியாக எண்ணியது. பிழை எல்லை பெரியது. ஆனாலும் எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம், வேறு வழியில் போய் அதே ஊருக்கு வந்து சேர்ந்த எண் அது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். சமாரியம்-146க்கு வெகு காலம் 103 மில்லியன் வருடம் என்று இருந்தது. 2012இல் 68 என்று ஒரு கட்டுரை வந்து, சூரியக் குடும்பத்தின் வயதுக் கணக்குப் போடுபவர்களை இரண்டு அணியாகப் பிரித்தது. 2023இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதை மேற்கோள் காட்டிய அட்டவணைகளை யாரும் திரும்பப் பெறவில்லை. உங்கள் கையில் இருக்கும் பழைய பி.டி.எஃப் தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது, இதழின் தளத்துக்கே போய்க் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

7. சராசரி எடுக்கும் முன் கை-வர்க்கம் போடுங்கள்

மேலே இருக்கும் நான்கு எண்ணையும் பிழையின் வர்க்கத்தின் தலைகீழ் மதிப்பால் எடையிட்டுச் சராசரி எடுத்தால் 2.59 வரும். 1984 எண்ணைத் தள்ளிவிட்டு மூன்றை மட்டும் எடுத்தால் 2.61. "வித்தியாசம் 0.02தானே, எல்லாவற்றையும் சேர்த்தே வைப்போம்" என்று நானும் விட்டுவிட்டேன். தவறு.

கை-வர்க்கத்தை (ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எத்தனை பிழைத் தொலைவில் நிற்கிறது என்பதன் வர்க்கங்களின் கூட்டுத்தொகை) கட்டற்ற எண்ணிக்கையால் (இங்கே எண்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) வகுத்துப் பாருங்கள். மூன்று எண்ணுக்கு 0.5 வருகிறது, ஒன்றுக்குக் கீழே, அமைதியாக ஒத்துப்போகிறார்கள். நான்கு எண்ணுக்கு 5.9 வருகிறது. அதில் பெரும்பங்கு அந்த ஒரே ஒரு 1984 எண்ணிலிருந்து, அது சராசரியை விட்டு நான்கு மடங்கு பிழைத் தொலைவில் நிற்கிறது. பிழை பெரிதாக இருப்பதால் எடை குறைவு, எடை குறைவால் சராசரி நகரவில்லை, சராசரி நகராததால் கோளாறு கண்ணில் படவில்லை. நான்கையும் வைத்துக்கொண்டு நேர்மையாகப் பிழையைப் பெருக்கினால் ± 0.04 என்பது ± 0.09 ஆகிவிடும்.

அதற்காகப் பிடிக்காத எண்ணைத் தூக்கிப் போடும் பழக்கத்துக்கும் போகாதீர்கள். 1984 எண்ணைத் தள்ளலாம் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் அது பழையது என்பதால் அல்ல, பின்னால் வந்த மூன்று அளவீடுகள் வெவ்வேறு முறையில் ஒரே இடத்துக்கு வந்ததால். தள்ளியதை அட்டவணையிலிருந்து அழிக்கவும் இல்லை, காரணத்தோடு அதே வரிசையில் வைத்திருக்கிறேன். ஒரே குழு ஒரே கருவியில் இரண்டு முறை அளந்து இரண்டு கட்டுரை போட்டிருந்தால் அதை இரண்டு வாக்காக எண்ணாதீர்கள், பெரும்பாலும் கடைசிக் கட்டுரையை மட்டும் எடுத்தால் போதும்.

8. காமாவும் குறுக்குப் பரப்பும்: இரண்டே எச்சரிக்கை

காமா செறிவு சில இடங்களில் ஒப்பீட்டளவில் தரப்படும், மிக வலுவான கோட்டை 100 என்று வைத்து. சில இடங்களில் நூறு சிதைவுக்கு எத்தனை என்று தரப்படும். இரும்பு-59இன் 1099 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கோடு முதல் முறையில் 100, இரண்டாவது முறையில் சுமார் 56.5. 1292 கோடு முதல் முறையில் சுமார் 76.5, இரண்டாவதில் 43.2. மாற்றும் பெருக்கு எண் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும், தேடி எடுங்கள்.

குறுக்குப் பரப்பை ஒப்பிடும்போது எந்த நியூட்ரான் ஆற்றலில் என்று எழுதாமல் எண்ணை எழுதாதீர்கள். இரும்பு-56 வெப்ப நியூட்ரானை (மெதுவாக நகரும் நியூட்ரான்) பிடிக்கும் குறுக்குப் பரப்பு சுமார் 2.6 பார்ன் (குறுக்குப் பரப்பின் அலகு). 30 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் சராசரியில் சுமார் 12 மில்லிபார்ன். இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், இரண்டும் சரி. இ.என்.டி.எஃப், ஜெஃப், ஜெண்டில் போன்ற குறுக்குப் பரப்புத் தரவு நூலகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கோப்புகளைக் கடன் வாங்கும், எனவே அவை ஒத்துப்போவதைப் பார்த்து மயங்காமல் எக்ஸ்ஃபார் தொகுப்பில் இருக்கும் நேரடி அளவீடுகளோடு ஒப்பிடுங்கள்.

9. செலவு, நேரம், எதையெல்லாம் சேமிக்க வேண்டும்

செலவு கிட்டத்தட்ட இல்லை. நான் மேலே சொன்ன தரவுத்தளங்கள் எல்லாமே இலவசம், நியூபேஸ், ஏ.எம்.இ கட்டுரைகளும் இலவசம். இ.என்.எஸ்.டி.எஃப் மதிப்பாய்வுகளை அச்சிடும் இதழுக்குச் சந்தா கேட்கலாம், ஆனால் அதே எண்களும் குறிப்புகளும் கோப்பில் இலவசமாகவே கிடைக்கும், தனிக் கட்டுரைக்குப் பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். மூல அளவீட்டுக் கட்டுரைகள்தான் பணப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும். பாதிக்கு மேல் முன்வரைவுக் களஞ்சியத்தில் (கட்டுரைகளை இதழில் வரும் முன்பே இலவசமாகப் போட்டு வைக்கும் தளம்) கிடைத்தது எனக்கு. கிடைக்காதவற்றுக்கு ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பலர் அனுப்பிவிடுவார்கள், ஆனால் பதில் வர ஒரு வாரம் ஆகும் என்று கணக்கில் வையுங்கள். அதனால் தேவையான கட்டுரைகளின் பட்டியலை முதல் நாளே எடுத்து, மின்னஞ்சல்களை அன்றே அனுப்பிவிட்டு, மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

நேரம்: எல்லாம் ஒத்துப்போகும் ஐசோடோப்புக்கு ஒன்றிரண்டு மணி நேரம். இரும்பு-60 மாதிரி ஒன்று மாட்டினால் மூன்று நான்கு நாள். அதனால் முதலில் எல்லா வரிசையையும் மேலோட்டமாக நிரப்பி, எது ஒத்துப்போகவில்லை என்று நிறம் போட்டுவிட்டு, நேரத்தை அந்த நிறம் போட்டவற்றுக்கு ஒதுக்குங்கள். நான் 45இல் தொடங்கி வரிசையாக ஒவ்வொன்றாக முடிக்கப் பார்த்தேன், யாருக்கும் தேவைப்படாத மில்லிநொடி ஐசோடோப்புகளிலேயே முதல் வாரம் போய்விட்டது.

சேமிக்க வேண்டியவை: பதிவிறக்கிய மூலக் கோப்பு திருத்தாமல் அப்படியே, பதிப்பு எண், இறுதி நாள், மூலக் கட்டுரையின் என்.எஸ்.ஆர் எண், கட்டுரையில் அந்த எண் எந்தப் பக்கத்தில் எந்த அட்டவணையில் இருந்தது என்பது. கடைசியாகச் சொன்னதை எழுத மறந்து, ஒரே கட்டுரையை நான்கு முறை முழுதாகத் தேடியிருக்கிறேன். திரைப்பிடிப்பு மட்டும் எடுத்து வைப்பது போதாது, தளம் மாறும், அடுத்த மாதம் அந்தப் பக்கத்தில் வேறு எண் இருக்கும், கோப்பு இல்லாமல் நீங்கள் பார்த்ததை நிரூபிக்க வழியே இருக்காது.

இவ்வளவு தூரம் போனால் தரவுத்தளத்திலேயே ஒரு தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. தளங்களில் தொடர்பு முகவரி இருக்கும். "உங்கள் எண் தவறு" என்று மொட்டையாக எழுதாமல், எந்த ஐசோடோப்பு, எந்தத் தொகுப்பு, எந்த வரி, மூலக் கட்டுரையில் எந்தப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்த 'எம்' எழுத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.